குடிக்காத தேத்தண்ணி

உட்காரும்மா, உட்காரு. அந்தப் பையை என் கால்கிட்டயே வெச்சுக்க, பரவால்ல. கோலாலம்பூருக்கா? நானும் அங்கதான் போறேன், மகன் வீட்டுக்கு. ஈப்போவுல இருந்து ஒண்ணும் பெரிய தூரம் இல்ல. ஆனா எனக்கு பஸ்ஸுல வாயை மூடிக்கிட்டு வந்தா தலை சுத்தும். நீ தூங்கறதுன்னா தூங்கு, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வரேன்.

தேத்தண்ணி குடிக்கறியா? ஃபிளாஸ்க் நிறைய இருக்கு, இஞ்சி தட்டிப் போட்டது. குடிம்மா, எனக்கு உதவியா இருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கறதுக்குள்ள இது காலியாகணும், காலியானதும் வாயில ஏலக்காய் போட்டுக்கணும். சிரிக்காத. மகன் வீட்டு வாசல்ல என் வாயில தேத்தண்ணி வாசனை வரக்கூடாது. அது ஒரு பெரிய கதை.

எனக்கு மருமக மேல ஒரு மனக்குறை. உன்கிட்ட சொன்னா என்ன, நீ யாரோ நான் யாரோ. என் மருமக சீனப்பிள்ளை, பேரு பூய் லெங். கணக்கு டீச்சர். கல்யாணமாகி இத்தன வருஷமாச்சு, இன்னும் ஒரு தடவை என்னை அம்மான்னு கூப்பிட்டதில்ல. ஆன்டின்னுதான் கூப்பிடுவா. மீன் விக்கிறவனும் என்னை ஆன்டிங்கறான். இப்ப இந்த பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சானே அந்தப் பையன், அவனும் ஆன்டிங்கறான். பெத்து வளர்த்து ஒருத்தனைத் தூக்கிக் குடுத்த எனக்கும் அதே ஆன்டிதான்.

சும்மா சொல்லக்கூடாது, மரியாதையில அவகிட்ட ஒரு குத்தம் கண்டுபிடிக்க முடியாது. எதைக் குடுத்தாலும் ரெண்டு கையால குடுப்பா, எதை வாங்கினாலும் ரெண்டு கையால வாங்குவா. மேசையில மீன் வெச்சா தலை பெரியவங்க பக்கம் பார்த்திருக்கணும்னு தட்டைத் திருப்பி வைப்பா. நல்ல துண்டு எதுவோ அதை எடுத்து என் சோத்து மங்குலதான் போடுவா. அவங்க வழக்கத்துல இன்னொண்ணு உண்டு. சாப்பிட உட்கார்ந்தா சின்னவங்க சும்மா கை வெச்சுடக்கூடாது. மேசையில இருக்கற பெரியவங்கள ஒவ்வொருத்தரா முறை சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிடுங்கன்னு சொல்லிட்டுத்தான் அவங்க சாப்பிடணும். பூய் லெங் அதைத் தமிழ்லயே கத்துக்கிட்டா. எங்க வீட்டுக்காரரைப் பார்த்து, "அப்பா, சாப்பிடுங்க." அப்புறம் என் பக்கம் திரும்பி, அதே மாதிரி தலையைக் குனிஞ்சு, "ஆன்டி, சாப்பிடுங்க."

நீயே சொல்லு. ஒரே மேசை, ஒரே சோறு. அவரு அப்பாவாம், நான் மட்டும் ஆன்டியாம். எனக்குத் தொண்டைக்குள்ள சோறு இறங்குமா?

ஏன் அப்படின்னு கேக்கறியா? கேப்பேன்னு தெரியும். எல்லாம் அந்தத் தேத்தண்ணியால வந்ததுதான்.

என் மகன் யோகேஸுக்கு நான் வேற பொண்ணு பார்த்து வெச்சிருந்தேன். என் அண்ணன் மக, ஜோகூர்ல இருக்கா, தங்கமான பொண்ணு. அண்ணன்கிட்ட வாக்குக் குடுத்த மாதிரிதான். இவன் ஒருநாள் வந்து, "அம்மா, நான் ஒரு சீனப்பிள்ளையை விரும்பறேன்"னு நிக்கறான். நான் அழல, கத்தல. நான் அந்த மாதிரி ஆளே கிடையாது. ரெண்டு வாரம் சமைக்காம படுத்திருந்தேன், அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரர்தான், "பாக்கியம், எழுந்திரி, கடைச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கல"ன்னு சொல்லி எழுப்பினாரு. அவரு எப்பவுமே மகன் பக்கம்தான்.

கல்யாணம் எங்க முறைப்படி கோவில்ல நடந்துச்சு. எனக்கு அதுல குறையே இல்ல. காலைல எழுந்து குளிச்சு, வழக்கம்போல ரெண்டு மங்கு தேத்தண்ணி குடிச்சிட்டு கோவிலுக்குப் போற காடியில ஏறினேன். எனக்குத் தேத்தண்ணி இல்லாட்டி விடியாது. தாலி கட்டி முடிஞ்சதும் கோவில் மண்டபத்துலயே அவங்க வழக்கத்துக்குத் தேத்தண்ணி மரியாதை. கல்யாணத்துல பொண்ணும் மாப்பிள்ளையும் மண்டி போட்டு உட்கார்ந்து, பெரியவங்களுக்கு ரெண்டு கையாலயும் கப்பை நீட்டணும். பெரியவங்க வாங்கிக் குடிக்கணும். குடிச்சா, அந்தப் பொண்ணை நம்ம வீட்டுக்குள்ள ஏத்துக்கிட்டோம்னு அர்த்தம். அப்பதான் அவ நம்மளை முறை சொல்லிக் கூப்பிடலாம். குடிக்கலன்னா, நீ எங்களுக்கு வேண்டாம்னு அத்தனை பேர் முன்னாலயும் சொன்ன மாதிரி.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நான் ஒரு தமிழ்ப் பொம்பள, அவங்க வழக்கம் எனக்கு என்ன தெரியும்? அதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். பக்கத்து வீட்டுச் சீனக்காரங்க லோ அம்மா வீட்டுல ரெண்டு கல்யாணம் நடந்துச்சு, அதுல கூடமாட இருந்து கப்பெல்லாம் கழுவிக் குடுத்திருக்கேன், அவ்வளவுதான். மூத்தவன் கல்யாணத்துல அந்தம்மாவோட நாத்தனார் என்ன பண்ணிச்சு தெரியுமா? ஏதோ பழைய கோபம். கப்பை வாங்கி, உதட்டுல வெச்சு, குடிக்காம தட்டுல திருப்பி வெச்சிடுச்சு. அந்தப் பொண்ணு நாள் முழுக்க அழுதா. நான்தான் லோ அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, "ச்சே, இப்படியும் ஒரு பொம்பள இருப்பாளா"ன்னு அந்த நாத்தனாரைத் திட்டினேன். நல்லா ஞாபகம் இருக்கு.

சரி, எங்க விட்டேன்? மண்டபம். ரெண்டு நாற்காலி போட்டு எங்கள உட்கார வெச்சாங்க. கீழ சிவப்பு மெத்தை. பூய் லெங் கூரைச் சேலையோட மண்டி போட்டா. பக்கத்துல யோகேஸும் மண்டி போட்டான். சம்பந்தி வீட்டுல ஒரு பெரியம்மா கப்புல ஊத்திக் குடுத்தாங்க. சிவப்புப் பேரீச்சம்பழம் போட்ட இனிப்புத் தேத்தண்ணி, மணம் மண்டபம் பூரா வந்துச்சு. மொதல்ல அவருக்குக் குடுத்தா. "அப்பா, தேத்தண்ணி குடிங்க." அவரு வாங்கினாரு. ஒரே மடக்கு. அடியில கிடந்த பழத்தைக் கூட விடல, விரலை விட்டு எடுத்துத் தின்னுட்டு சிரிச்சாரு. எல்லாரும் கைதட்டினாங்க.

அப்புறம் என் முன்னால வந்தாங்க. நான் அவளைப் பார்க்கல, என் மகனைத்தான் பார்த்தேன். அவன் என்னைப் பார்ப்பான்னு நெனச்சேன். எப்படி இருந்தாலும் பெத்தவ முன்னால மண்டி போட்டிருக்கான், ஒரு பார்வை பார்க்கமாட்டானா? அவன் அந்தக் கப்பையே பார்த்துக்கிட்டிருந்தான். அவ கையில சூடு கொட்டிடுமோன்னு தன் கையை அடியில ஏந்திக்கிட்டு இருந்தான். எனக்கு வயிறு எரிஞ்சுது. பொய் சொல்லமாட்டேன், அப்படியே எரிஞ்சுது.

கப்பை வாங்கினேன். உதடு வரைக்கும் கொண்டுபோனேன். அப்புறம் தட்டுல வெச்சிட்டேன்.

சம்பந்தியம்மா முகம் வெள்ளையாப் போச்சு. யோகேஸ் அப்பதான் என்னைப் பார்த்தான். அவன் பார்த்த பார்வையில எனக்கு பயம் வந்துடுச்சும்மா. அந்த பயத்துல வாயில வந்ததுதான் அந்த வார்த்தை. "நான் தேத்தண்ணி குடிக்கக்கூடாது. உங்க ரெண்டு பேருக்காக முருகனுக்கு வேண்டிக்கிட்டு தேத்தண்ணியை விட்டிருக்கேன். முருகன் போதும்னு சொல்றவரைக்கும் தொடமாட்டேன்."

பொய்னு சொல்லாதம்மா. வேண்டிக்கணும்னு நெனச்சிருந்தேன். வேண்டிக்காம விட்டுட்டேன். அது வேற, பொய் வேற.

பூய் லெங் திரும்பி அவங்கம்மாகிட்ட சீனத்துல சொன்னா. அவ சொல்லச் சொல்ல அந்தம்மா முகத்துல ரத்தம் திரும்பி வருது. எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவங்க ஈப்போவுல ஒன்பது ராஜா சாமி திருவிழாவுக்கு வெள்ளை உடுத்தி, ஒரு துண்டு இறைச்சி தொடாம இருக்கறவங்க. சாமிக்குன்னு ஒண்ணை விடறது என்னன்னு அவங்களுக்குத் தெரியும். அதனால நம்பிட்டாங்க. கண்ணுல தண்ணி வேற. என் பிள்ளைங்களுக்காக நீங்க இவ்வளவு பண்றீங்களேன்னு மலாய்ல சொல்றாங்க. நான் தலையை ஆட்டினேன். வேற என்ன பண்ண முடியும்?

அன்னிக்கு சாயங்காலம் அவங்க பக்கத்து விருந்து. பெரிய ரெஸ்டாரண்ட்டு. ஆவியில வெந்த மீன், வறுத்த வாத்து, இறால், அப்படியே மேசை சுத்திச் சுத்தி வருது. என் முன்னால மட்டும் தனியா ஒரு தட்டு. வெறும் சோயாக்கட்டித் தவுவும் காளானும். விரதத்துல இருக்கறவங்களாச்சேன்னு சம்பந்தியம்மா சமையல்கட்டுக்கே போய் தனி எண்ணெயில சமைக்கச் சொல்லியிருக்காங்க. எங்க வீட்டுக்காரர் எனக்கு எதிர்க்க உட்கார்ந்து வாத்துக்காலைக் கடிச்சுக்கிட்டே என்னைப் பார்க்கறாரு. அவருக்குத்தான் தெரியுமே, காலைல அந்த ரெண்டு மங்கும் போட்டுக் குடுத்ததே அவருதான்.

வீட்டுக்கு வந்ததும் என்னைத் திட்டுவாருன்னு பார்த்தேன். திட்டல. சட்டையைக் கழட்டி மாட்டினாரு. அடுப்புல தண்ணி வெச்சாரு. ரெண்டு மங்குல ஊத்தி, என்னோடதை என் பக்கத்துல வெச்சிட்டு, ஒரு வார்த்தை பேசாம அவரோடதைக் குடிச்சாரு. அதுக்கப்புறம் தினம் அப்படித்தான். திட்டியிருந்தா நான் திருப்பி ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன், தீர்ந்துபோயிருக்கும்.

பூய் லெங் அன்னிலேர்ந்துதான் ஆன்டி. யோகேஸை விட்டுக் கேட்டுப் பார்த்தேன். அவ சொன்னாளாம், "உங்கம்மா இன்னும் என் கையால குடிக்கல. குடிக்காம நானா அம்மான்னு கூப்பிட்டா, அவங்க குடுக்காததை நானே எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அவங்க விரதம் முடியட்டும், நான் காத்திருக்கேன்." பார்த்தியா எவ்வளவு பிடிவாதம்னு.

மொத வருஷம் எனக்கு அது சௌகரியமாத்தான் இருந்துச்சு. உண்மையைச் சொன்னா, என் அண்ணன்கிட்ட ஃபோன் பண்ணி, "நான் ஒண்ணும் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கல"ன்னு சொல்லிக்கிட்டேன். அண்ணன் மகளுக்குத்தான் அதுக்குள்ள வேற இடத்துல முடிவாயிடுச்சு.

அப்புறம் எனக்குக் கண்ணுல ஆபரேஷன். கட்டுப் போட்டு உட்கார வெச்சிட்டாங்க. பூய் லெங் பள்ளிக்கூடத்துல லீவு போட்டுட்டு ஈப்போவுக்கு வந்துட்டா. வேளாவேளைக்கு மருந்து ஊத்துவா. தலை வாரிப் பின்னி விடுவா. கஞ்சி வெச்சு, ஊதி ஊதி வாயில ஊட்டினா. கண்ணு தெரியாம உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தி கை மட்டும்தான் நமக்குத் தெரியும். அந்தக் கையில கோபமே இல்லம்மா. நான் தேடித் தேடிப் பார்த்தேன், இல்ல. அப்பதான் எனக்கு அவ வாயால அம்மான்னு கேக்கணும்னு ஆசை வந்துச்சு. அவ ஊட்டி முடிச்சு, வாயைத் துடைச்சு, "போதுமா ஆன்டி?"ம்பா. எனக்கு அழுகை வந்துடும். கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, அதனால அடக்கிக்குவேன்.

அப்பவே விரதம் முடிஞ்சதுன்னு சொல்லியிருக்கலாமேங்கற. ரொம்ப சுலபமாச் சொல்லிட்ட. முருகன் போதும்னு சொன்னாரான்னு கேப்பா. எப்பச் சொன்னாரு, எப்படிச் சொன்னாருன்னு கேப்பா. அவ கணக்கு டீச்சர், எதையும் பாதியில விடமாட்டா. ஒருநாள் கேட்டாளே, "என்ன வேண்டிக்கிட்டீங்க ஆன்டி?"ன்னு. நான், "நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்னுதாம்மா"ன்னேன். அவ அதையே யோசிச்சா. எதுக்கு யோசிச்சான்னு எனக்கு அப்பப் புரியல.

நான் அவ வீட்டுக்குப் போனா அங்க தேத்தண்ணி வாசனையே இருக்காது. எனக்கு பார்லித் தண்ணி, மத்தவங்களுக்கு கோப்பி. மூணு நாள் தங்கினா எனக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். கோவிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு முக்குக் கடையில போய் நின்னுக்கிட்டே குடிச்சிட்டு வருவேன். திருட்டுத்தனமா சிகரெட் பிடிக்கற பையன் மாதிரி. கோவில் பேரைச் சொல்லிட்டுப் போனதால திரும்பி வரும்போது நெத்தியில கொஞ்சம் விபூதியும் பூசிக்கிட்டு வரணும்.

அதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரருக்கு முடியாமப் போச்சு. ஆஸ்பத்திரியில ஒருநாள் என்னைக் கிட்டக் கூப்பிட்டாரு. "பாக்கியம், அந்தப் புள்ளைகிட்ட சொல்லிடு"ன்னாரு. என்னத்தன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. சரின்னேன். அப்ப போய் எப்படிம்மா சொல்றது? புருஷன் படுத்திருக்கும்போது சாமி விரதத்துல விளையாடினேன்னு சொன்னா, நாலு பேர் என்ன நெனைப்பாங்க? எனக்கே ராத்திரியில அந்த நெனப்பு வருது, முருகன் பேரைச் சொன்னதுக்குத்தான் அவரை எடுத்துக்கிட்டாரோன்னு. உன்கிட்டதான் சொல்றேன். மகன்கிட்ட கூடச் சொல்லல.

அவர் போனப்ப பூய் லெங் பெத்த மக மாதிரி நின்னா. அவங்க வழக்கப்படி சட்டைக் கையில ஒரு சின்னத் துணியைக் குத்திக்கிட்டா, துக்கத்துல இருக்கேன்னு காட்டறதுக்கு. பள்ளிக்கூடத்துக்கும் அதோடயே போனா. அந்த வருஷம் சீனப் பெருநாளுக்கு ஒரு சிவப்புத் துணி உடுத்தல, யார் வீட்டுக்கும் போகல. "எங்கப்பா தவறிட்டாரு"ன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னா. நான் அவ சட்டைக் கையில குத்தின அந்தத் துணியையே பார்த்துக்கிட்டிருந்தேன். நாளைக்கு நான் போனா எனக்கு என்னத்தக் குத்திக்குவா? ஆன்டிக்கெல்லாம் யாராவது துணி குத்துவாங்களா? சொல்லு.

ம், குடிச்சிட்டியா? இன்னும் கொஞ்சம் ஊத்தறேன், காட்டு.

இப்ப, இந்தச் சீனப் பெருநாளுக்கு நடந்ததுதான் என்னை பஸ்ஸுல ஏத்தி விட்டுச்சு. நான் சமையல்கட்டுல நின்னு தேத்தண்ணி குடிச்சுக்கிட்டிருக்கேன். வாசல் கேட்டுல சத்தம். எட்டிப் பார்த்தா சம்பந்தியம்மா. சொல்லாம கொள்ளாம வந்துட்டாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மங்கை எங்க வைக்கிறது? வாஷிங் மெஷினைத் தொறந்து உள்ள வெச்சு மூடிட்டேன்.

ரெண்டு ஆரஞ்சுப்பழத்தை ரெண்டு கையில ஏந்திக்கிட்டு வந்தாங்க. பெருநாளுக்குச் சோடியாத்தான் குடுப்பாங்க, நாமளும் திருப்பிச் சோடியாத்தான் குடுத்தனுப்பணும். உட்கார்ந்து நலம் விசாரிச்சாங்க. மூக்கை லேசா உறிஞ்சின மாதிரி இருந்துச்சு. நான் அவசரமா, "பக்கத்து வீட்டுல எப்பப் பார்த்தாலும் தேத்தண்ணிதான்"னேன். அந்தம்மா, "உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்"னு என் முழங்கையைத் தடவிக் குடுத்தாங்க.

அப்புறம்தான் சொன்னாங்க. "எங்க வீட்டுக்காரருக்குத் தேத்தண்ணி இல்லாம மூச்சு விட முடியாது. மகளும் அப்படித்தான் இருந்தா. ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் அப்பனும் மகளும் உட்கார்ந்து, சின்னச் சின்னக் கப்புல ஊத்தி ஊத்தி, பேசிப் பேசிக் குடிப்பாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் அவ வந்தா கப்பைக் கவுத்து வெச்சிடறா. மாமியார் எங்களுக்காக விட்டது, அவங்க தொடற வரைக்கும் நானும் தொடமாட்டேங்கறா. அவங்கப்பா இப்பத் தனியாத்தான் குடிக்கறாரு."

என் கண்ணு சமையல்கட்டுப் பக்கம் போச்சு.

"எனக்கு வருத்தம் இல்ல சம்பந்தி, பெருமைதான்"னாங்க. "ஆனா ஒண்ணு கேக்கணும். அவ உங்ககிட்ட கேக்க வெக்கப்படறா, அதனால நான் வந்தேன். ராத்திரியில ஃபோன் பண்ணி என்கிட்ட அழறா. ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டீங்களாமே. உங்க சாமி இன்னும் போதும்னு சொல்லலன்னா, நாங்க இன்னும் நல்லா இல்லன்னுதானே அர்த்தம், எங்க வாழ்க்கையில என்ன குறை, நான் எங்க தப்புப் பண்ணிட்டேன்னு கேக்கறா. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. எங்களால சரி பண்ண முடிஞ்சா பண்ணிடறோம்."

அந்தம்மா அதை மரியாதையாக் கேட்டாங்கம்மா. நாற்காலி நுனியில உட்கார்ந்து, கை ரெண்டையும் மடியில வெச்சுக்கிட்டு. எனக்கு அந்த எடத்துலயே செத்துடலாம் போல இருந்துச்சு. ஒரு பொண்ணு இத்தன வருஷமா தன் குடும்பத்துல என்ன குறைன்னு தேடிக்கிட்டிருக்கா. குறை என் வாயில இருக்கு. "சீக்கிரம் முடிஞ்சிடும் சம்பந்தி"ன்னு மட்டும் சொல்லி, லோ வீட்டுல குடுத்திருந்த ஆரஞ்சுல நல்லதாப் பார்த்து ரெண்டு எடுத்துக் குடுத்தனுப்பினேன்.

அவங்க போனதும் வாஷிங் மெஷினைத் தொறந்து மங்கை எடுத்தேன். ஆறிப்போயிருந்துச்சு. குடிச்சேன். கீழ கொட்ட மனசு வரல.

அதனாலதான் இன்னிக்குக் கிளம்பிட்டேன். முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்குள்ள காலை வெச்சதும், செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே சொல்லிடப் போறேன். "அம்மாடி, நான் விரதமும் இருக்கல, ஒண்ணும் இருக்கல. உன் மேல பொறாமையில பண்ணிட்டேன். உங்க வாழ்க்கையில ஒரு குறையும் இல்ல, நீ தேத்தண்ணி குடி." அவ்வளவுதான். பின்னால என்ன ஆனாலும் ஆகட்டும். அவ வாசக்கதவைச் சாத்தினாலும் சரி, மகன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாலும் சரி. அம்மான்னு கூப்பிடாட்டிப் போகட்டும், அந்தப் பொண்ணு நிம்மதியாத் தூங்கினா போதும். நேத்து ராத்திரி பூரா இதையேதான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இப்ப உன்கிட்ட சொன்னேன் பாரு, எவ்வளவு தெளிவா வந்துச்சு. அவகிட்டயும் இப்படியே வந்துடும்.

இரும்மா, ஃபோன் அடிக்குது. எங்க வெச்சேன்... அவதான்.

ஹலோ. ஆமாம்மா... தஞ்சோங் மாலிம் தாண்டிட்டோம். சாப்பிட்டேன், சாப்பிட்டேன். கேளும்மா, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்... என்ன? உங்கம்மா சொன்னாங்களா? என்ன சொன்னாங்க?... சீக்கிரம் முடிஞ்சிடும்னா? ஆமா, சொன்னேன்... இல்லம்மா, அது வந்து... அழாத. எதுக்கு அழற? நீ ஒரு தப்பும் பண்ணலம்மா... இல்ல, இல்ல. ஆமா. முடிஞ்சிடுச்சு. விரதம் முடிஞ்சிடுச்சு. முருகன் சொல்லிட்டாரு... கனவுலதான்... ஆமா, நேத்து ராத்திரி. போதும்னு சொன்னாரு... ஆமாம்மா, உங்க ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லன்னுதான் சொன்னாரு... என்னது?... வேண்டாம்மா. அதெல்லாம் நீ பண்ண வேண்டாம். வெயில் கொளுத்தும்... சொன்னாக் கேளு... சரி. சரிம்மா. வந்து பேசிக்கலாம். வெச்சிடறேன்.

என்னை ஏம்மா அப்படிப் பார்க்கற? நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்த. நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தப் பொண்ணு அழுதா. அழற புள்ளைகிட்ட என்ன சொல்றது? இப்ப அவ நிம்மதியாயிட்டா இல்ல? அதுதானே வேணும்? கனவுன்னு சொன்னதுகூட முழுப் பொய் இல்ல, நேத்து நான் தூங்கவே இல்ல, ஏதேதோ தோணிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

கூப்பிட்டாம்மா. என்னைக் கூப்பிட்டா. தேத்தண்ணி குடிச்சப்புறம்தான் கூப்பிடணும், ஆனா அதுக்கு அடுப்புல தண்ணி இப்பவே கொதிக்குது, அதனால இப்பக் கூப்பிட்டா தப்பாகுமான்னு கேட்டா. கேட்டுட்டு, அம்மான்னா. நல்லாத்தான் சொன்னா, நம்ம பிள்ளைங்க சொல்ற மாதிரியே. இத்தன வருஷமா அதுக்குத்தான் ஏங்கினேன். காதுல விழுந்தப்ப எனக்கு யாரோ பின்னால நிக்கறவங்களக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு.

வேண்டாம் வேண்டாம்னு எதுக்குச் சொன்னேன்னு கேக்கறியா? தைப்பூசம் வருதில்ல. பத்துமலை முருகனுக்குப் பால்குடம் எடுக்கப் போறாளாம். அம்மாவோட வேண்டுதலை நிறைவேத்துன சாமிக்கு நாங்க சும்மா இருக்கக்கூடாது, கடன்பட்ட மாதிரி ஆயிடும்கறா. அவங்கப்பாவும் அம்மாவும் கூட வராங்களாம். பள்ளிக்கூடத்துல ஒரு தமிழ் டீச்சரைக் கேட்டு எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கா. இன்னிக்கு என் கையில தேத்தண்ணி குடுத்துட்டு, நாளைலேர்ந்து சைவமாம், தரையிலதான் படுக்கையாம். வெறும் காலோட அத்தனை படியும் ஏறணும்னு அவளுக்குத் தெரியும்.

ஒண்ணே ஒண்ணுதான் என்கிட்ட கேட்டா. ஆத்தங்கரையில பூஜை முடிஞ்சதும் நான்தான் குடத்தைத் தூக்கி அவ தலையில ஏத்தணுமாம். மத்தவங்க யாரும் தொட வேண்டாமாம். விரதம் இருந்த கைதான் ஏத்தணுமாம்.